நவாலிக்குப் போன தேயிலை

நவாலி,
19.5.1957

அன்புள்ள அத்தானுக்கு,

வியாழக்கிழமை விடியற்காலை சுகமாக வந்து சேர்ந்தோம். பொல்காவலையில் ரயில் மாறும்போது ஐயா தன் மகளைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தாங்கி இறக்கினார். மேடையில் நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். நீங்கள் சுகமா? குளிர் குறைந்துவிட்டது என்று கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம்.

அம்மா என்னைக் கண்டதும், "என்ன பிள்ளை, காத்தடிச்சா விழுந்திடுவாய் போலக் கிடக்கு" என்றார். அன்றிலிருந்து முட்டையும் நல்லெண்ணெயும்தான். போன முறை தோட்டத்திலேயே இருந்து, மழைக்குப் பசறை வீதி சரிந்து, கார் வர முடியாமல் பிள்ளையைப் பறிகொடுத்ததை அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் முற்றத்தில் இறங்கினால் பின்னாலேயே வந்து நிற்கிறார், அவ்வளவுதான். ஆவணியில் இந்தப் பிள்ளை பிறக்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

இங்கே எல்லோருக்கும் கோப்பி. நான் தேயிலை ஊற்றிக் கொடுத்தால் ஐயா மரியாதைக்கு அரைக் கோப்பை குடித்துவிட்டு வெற்றிலை தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு எங்கள் சமையலறை மேசைதான் நினைவு. கறுவா போட்டது, ஏலம் போட்டது, புதினா போட்டது என்று நான் நாலு கோப்பை ஊற்றி வைப்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் மணந்து பெயர் சொல்வீர்கள். ஒருமுறை ஒரேயொரு கராம்பை மட்டும் போட்டுப் பார்த்தேன். கோப்பையைத் தூக்குமுன்பே சொல்லிவிட்டீர்கள். ஒரு தொழிற்சாலையையே மூக்கால் நடத்துகிற டீமேக்கரை நான் எப்படி ஏமாற்றுவது?

கூரையில் காயப்போட்ட தோடம்பழத் தோலைப் புரட்டிவிடுங்கள். வேலாயி காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் தொழிற்சாலைக்குத் தேயிலை சலிக்கப் போவாள். அவளும் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

உங்கள் சுகத்துக்கு நாளும் வேண்டும்,
ஜெயமலர்


ஹார்ட்வெளி தோட்டம்,
பசறை.
4.6.1957

அன்புள்ள மலருக்கு,

உமது கடிதம் வந்த பிறகுதான் வீடு வீடாகத் தெரிந்தது. நான் நல்ல சுகம். நீரும் வயிற்றில் இருக்கும் ஆளும் சுகமாக இருக்க வேண்டும். மாமா மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

தோல் நன்றாகக் காய்ந்துவிட்டது. மெல்லிய நறுக்காய் நறுக்கித் தேயிலையோடு கலந்து இரண்டு நாள் தகரப் பேணியில் அடைத்து வைத்தேன். இன்று காலை மூடியைத் திறந்தேன். தோடம்பழம் குவித்த பிபிலைச் சந்தையே குசினிக்குள் வந்து இறங்கியது போல. வேலாயி வாசலில் நின்றபடியே, "ஐயா, தோடம்பழம் உரிச்சீங்களா?" என்றாள். அந்தப் பேணியை இத்துடன் அனுப்புகிறேன். தண்ணீர் கொதித்து இறக்கியதும் ஊற்றி மூன்று நிமிடம் மூடிவையும். பால் வேண்டாம். மாமாவுக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட்டால் கோப்பியை மறந்தாலும் மறப்பார்.

கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. ஆனால் வருகிறது. மேல் மலையிலிருந்து வறண்ட காற்றில் மானாப்புல்லின் மணம் வரத் தொடங்கிவிட்டது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிற இரண்டு மூன்று மாதம் இனித்தான். நேற்று, உருட்டிய கொழுந்தைத் தரையில் பரப்பிப் புளிக்க விடுகிற அறைக்குள் போனேன். முதலில் வெட்டிய புல் மணந்தது. நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அது மெல்ல மாறி அப்பிள் பழமாயிற்று. அந்த அப்பிள் நிற்பது ஐந்து நிமிடம். அதற்குள் கொழுந்தை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். எனக்குச் சம்பளம் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில் ஏதோ காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. கொழும்பிலும் பரவுகிறதாம். நீர் கவனம்.

அன்புடன்,
அம்பலவாணர்


ஹார்ட்வெளி தோட்டம்,
5.7.1957

அன்புள்ள மலருக்கு,

சுகமாயிருக்க வேண்டும். உமது இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாதது என் பிழை. எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்துவிட்டேன். இப்போது பூரண சுகம். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். தோடம்பழத் தேயிலை மாமிக்குப் பிடித்தது சந்தோஷம்.

ஒரு அலுவல். பெரிய துரையின் துரைசாணி ஐப்பசியில் இங்கிலாந்து போகிறார். சிநேகிதிகளுக்குக் கொடுக்க வாசனைத் தேயிலை கேட்டிருக்கிறார். மூன்று விதம் செய்து இலக்கம் போட்டு அனுப்புகிறேன். ஒன்று ஏலம், இரண்டு கறுவா, மூன்று மல்லிகை. ஒவ்வொன்றும் எப்படி மணக்கிறது, எது கூடிவிட்டது, எது குறைந்துவிட்டது என்று விபரமாக எழுதும்.

கூடவே தொழிற்சாலைத் தேயிலையும் மூன்று சிறு பொட்டலம் இருக்கிறது. அ, ஆ, இ என்று எழுதியிருக்கிறேன். அவற்றையும் ஊற்றிப் பார்த்து எது நல்லது, எது பச்சை, எது களைத்துவிட்டது என்று உடனே எழுதும். உடனே என்றால் அடுத்த தபாலில்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

அம்பலவாணர்


நவாலி,
13.7.1957

அன்புள்ள அத்தானுக்கு,

காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்ததை எட்டு நாளும் முடிந்த பிறகு எழுதுகிற ஆளோடு நான் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் ஐயா சொல்கிறார், "வயித்துப் பிள்ளைக்காரி கோவிக்கக்கூடாது." ஆகவே ஒத்திவைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உள்ளே இருப்பவர் இரவில் உதைக்கிறார், பகலில் நித்திரை.

ஏலம் நன்று. ஆனால் புது ஏலம் இல்லை போலிருக்கிறது, பெட்டிக்குள் பழைய சேலை கிடந்த மணம் சற்று. கறுவா மிகவும் கூடிவிட்டது. தேயிலையையே காணவில்லை, மரப்பட்டையைக் குடிப்பது போல இருந்தது. மல்லிகையை என்னவென்று சொல்ல? பேணியைத் திறந்ததும் மண்ணெண்ணெய். மல்லிகை எங்கோ அடியில் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அம்மா, "இது தேத்தண்ணியோ, லாம்பு எண்ணெயோ?" என்று கேட்டார். லாம்பு வைக்கிற தட்டில் வைத்தீர்களா? நான் தீப்பெட்டியைத் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தாலே அடுத்த அறையிலிருந்து சத்தம் போடுகிற ஆள் அல்லவா நீங்கள்? இதைத் துரைசாணிக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அ பச்சை, நாக்கைக் கட்டுகிறது. இ களைத்துவிட்டது, நேற்று ஊற்றி வைத்ததுபோல. ஆ தான் நல்லது. குடித்த பிறகும் தொண்டையில் ஒரு குளிர்மை நிற்கிறது, கச்சான் காலத்துக்குரியது.

இந்த வருஷம் கச்சான் எப்படி? ஒவ்வொரு ஆடியிலும் தொழிற்சாலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் இன்றைக்கு என்ன மணம் என்று சொல்வீர்கள். அதை எழுதுங்கள்.

அன்பு மறவாத,
ஜெயமலர்


ஹார்ட்வெளி தோட்டம்,
21.7.1957

அன்புள்ள மலருக்கு,

சுகம். உமது சுகத்தை அறிய ஆவல்.

மண்ணெண்ணெய்க்குக் காரணம் பேணிதான், பழைய பேணி. நான் கவனிக்கவில்லை. மல்லிகையைப் புதிதாகச் செய்கிறேன்.

நீர் எழுதிய விபரம் மிகவும் பிரயோசனம். ஆ இரண்டு மணி பத்து நிமிடம் கிடந்த கொழுந்து. இப்போது ஈ, உ, ஊ அனுப்புகிறேன். நேரத்தைப் பொட்டலத்தில் எழுதவில்லை. எழுதினால் உமக்கு முன்கூட்டியே ஒரு எண்ணம் வந்துவிடும்.

கச்சானைக் கேட்டீர். நன்றாக அடிக்கிறது. சவுக்கு மரங்கள் நாள் முழுக்கக் கடல்போல இரைகின்றன. தகரக் கூரை அடித்துக்கொள்கிறது. புழுதி எழும்பி அந்திநேரம் மலை முழுக்க மஞ்சளாகத் தெரிகிறது. அவித்த கொழுந்தின் நிறம் இந்த வருஷம் புதுச் செப்புக்காசு போல இருக்கிறது. வேறு புதினம் இல்லை.

மாமா மாமிக்கு வணக்கம்.

அம்பலவாணர்


நவாலி,
2.8.1957

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு சுகம். ஈ நல்லது, உ அதைவிட நல்லது, ஊ கெட்டது. அதிகம் எழுத முடியவில்லை, கால் வீங்கியிருக்கிறது. வைத்தியர் அது வழமை என்கிறார்.

நானும் ஒரு வாசனைத் தேயிலை கலந்து இத்துடன் அனுப்புகிறேன். மெழுகுத் தாளில் சுற்றி, பேணியில் அடைத்து, மேலே துணியும் தைத்திருக்கிறேன். என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத்தான். கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்து எழுதுங்கள்.

ஜெயமலர்


ஹார்ட்வெளி தோட்டம்,
9.8.1957

அன்புள்ள மலருக்கு,

கால் வீக்கம் வற்றியதா? சாய்ந்து படுத்து, காலைத் தலையணைமேல் வையும். மாமிக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதுகிறேன்.

உமது தேயிலையை நேற்று ஊற்றினேன். நல்ல கைப்பக்குவம். மல்லிகைதானே? எனது மண்ணெண்ணெய் மல்லிகைக்குப் பதில் சொல்லியிருக்கிறீர். கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. பூக்காம்பைக் கிள்ளாமல் போட்டிருப்பீர். மற்றப்படி மிக அருமை. இரண்டு கோப்பை குடித்தேன்.

நாள் நெருங்குகிறது. நான் அங்கே இல்லையே என்றிருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தந்தி அடிக்கச் சொல்லும்.

உம்மை நினைத்தபடி,
அம்பலவாணர்


நவாலி,
8.9.1957

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தியில் சொன்னதற்குமேல் சொல்ல நிறைய இருக்கிறது. ஓகஸ்ட் இருபதாம் திகதி மானிப்பாய் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஆறரை இறாத்தல். நான் சுகம், அவளும் சுகம். நெற்றி உங்களுடையது. கோபம் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க வேண்டும். அதற்கு நீங்கள் வந்து காதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. பிள்ளை பிறந்ததால் மட்டும் அல்ல. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தது.

அத்தான், நான் அந்தத் தேயிலையில் மல்லிகை போடவில்லை. பெருங்காயம் போட்டேன். குசினியில் கலக்கும்போது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். தபால்காரர் பொதியைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு போனார்.

உங்களைச் சோதித்ததற்கு மன்னித்துவிடுங்கள். நான் நினைத்தது பிழையாக இருக்க வேண்டும், நீங்கள் "பைத்தியமா உமக்கு?" என்று எழுத வேண்டும் என்று வைரவருக்கு நேர்ந்தும் வைத்தேன். உங்கள் கடிதம் வந்தது. தனியே இருந்து இரண்டு கோப்பை பெருங்காயத் தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்கு மனம் நோகக்கூடாதென்று மல்லிகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துத்தான் அழுதேன்.

எப்போதிலிருந்து? காய்ச்சலோடா? வேறு யாருக்குத் தெரியும்? எனக்கு ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
மலர்


ஹார்ட்வெளி தோட்டம்,
20.9.1957

என் அன்புள்ள மலருக்கு,

நீரும் மகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை உமது கடிதத்தில் பத்துத் தரம் வாசித்தேன். மற்றதை ஒரு தரம்தான் வாசிக்க முடிந்தது.

ஆம், காய்ச்சலோடுதான். ஒன்பதாம் நாள் எழுந்து தொழிற்சாலைக்குப் போனேன். புளிக்கிற அறைக் கதவைத் திறந்தேன். தரை முழுக்கக் கொழுந்து. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குச் சுடுகிறது. மணம் இல்லை. மூக்கைத் தண்ணீருக்குள் வைத்ததுபோல இருந்தது. ஒரு பிடி அள்ளி முகத்தோடு அழுத்தினேன். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று கீழே போட்டேன். பதுளையில் வைத்தியரிடம் காட்டினேன். "சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது" என்றார்.

நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். மூக்கில்லாத டீமேக்கரை யார் வைத்திருப்பார்கள்? உத்தியோகம் போனால் வீடும் போகும். நீர் ஒன்பது மாதம். எப்படி எழுதுவேன்? அதனால்தான் பொட்டலம் பொட்டலமாக அனுப்பினேன். எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு, என்ன நிறம் என்று நான் குறித்து வைப்பேன். எது நல்லதென்று நீர் சொல்வீர். துரைசாணி தேயிலை கேட்டது உண்மை. ஆனால் அது எனக்கு ஒரு சாட்டு.

றஹீம் நானா கடைக்கு ஏலம் வாங்கப் போயிருந்தேன். "ஐயா, ஒங்களுக்குச் சாமான் காட்டவே பயமாயிருக்கு. மணந்து பார்த்து நீங்களே எடுங்களே" என்று கையை நீட்டினார். மணந்தேன். தலையை ஆட்டினேன். எனக்கே என்னைக் கண்டு வெட்கமாக இருந்தது.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டீர். வேலாயிக்குத் தெரியும். ஆடி மாதம் ஒருநாள் காலை அவள் ஓடிவந்து அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். "ஐயா, பாலு பொங்கி அடிபுடிச்சுக் கருகுது. ரோட்டுலயே நாறுது. நீங்க பக்கத்துல ஒக்காந்து பேப்பரு படிச்சுக்கிட்டு இருக்கீங்களே!" என்றாள். கவனிக்கவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் நான் புளிக்கிற அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வாசலைக் கூட்டிக்கொண்டு போனாள். தலையை நிமிர்த்தாமல், "வந்துருச்சுங்க" என்றாள். நான் கொழுந்தை அடுப்புக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் கேட்டதில்லை, அவளும் நிற்பதில்லை. கூட்டுவாள், சொல்வாள், போவாள். உமது கடிதங்களும் அவளுடைய அந்த ஒற்றைச் சொல்லும்தான் இந்தப் பருவத்துத் தேயிலை.

போன கிழமை கொழும்பிலிருந்து தேயிலை பார்ப்பவர்களின் கடிதம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஹார்ட்வெளிக்கு இப்படி ஒரு வாசனை அமைந்ததில்லையாம். துரை எல்லோர் முன்னும் என் கையைக் குலுக்கினார். வேலாயி எனக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்றாள். பாராட்டை நான் ஒருவனே வாங்கிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. லீவு கேட்டிருந்தால் துரை தந்திருப்பார். நான் கேட்கவில்லை. வந்தால் மகளைக் கையில் தருவீர்கள். எல்லோரும் சுற்றி நிற்பார்கள். உச்சி மோந்து கொஞ்சுவேன். அவளுடைய மணம் எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து இங்கே இருந்துவிட்டேன். காதில் சொல்ல வேண்டிய பெயரைத் தபால் கந்தோரில் சொல்லித் தந்தியாக அனுப்பினேன். சரோஜினி என்று எழுதும்போது தந்திக்காரர், "மகளா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நீர் என்ன சொல்கிறீரோ அதைச் செய்கிறேன்.

அம்பலவாணர்


நவாலி,
27.9.1957

என் அன்புள்ள அத்தானுக்கு,

நானும் சரோஜினியும் சுகம். ஐயா தந்தியைக் கையில் பிடித்து அவள் காதில் மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் கொட்டாவி விட்டாள். ஆகவே பெயர் சரி.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டீர்கள். துரையிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவராகக் கண்டுபிடித்தால் நாங்கள் இழக்கப்போவது வேலையை மட்டும் அல்ல, நல்ல பெயரையும்தான். சொல்லும்போது வேலாயியின் பெயரையும் சொல்லுங்கள். அவள் பெயரைச் சொல்லாமல் உங்களுடையதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். வீடு போனால் போகட்டும். நான் அந்த வீட்டில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். சுவரையும் கூரையையும் இழக்கப் பயப்படமாட்டேன்.

மணங்களை உங்களுக்கு எழுதிப் பழகிவிட்டேன், இவளையும் எழுதலாம் என்று பார்த்தேன். காலையில் புளித்த பால். குளிக்க வார்த்த பிறகு சாம்பிராணிப் புகை. உள்ளங்கையில் எப்போதும் சற்றுப் புழுதி, எங்கே பிடிக்கிறாளோ தெரியாது. உச்சியில் மட்டும் வேறு ஒன்று. மூன்று நாள் யோசித்தேன். சொல் கிடைக்கவில்லை. அதனால் அதை எழுதவில்லை. நீங்கள் வந்து தூக்குங்கள். அவளுக்கு வேண்டியது உங்கள் மூக்கு அல்ல.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலை குடித்துப் பார்த்தேன். மல்லிகை செத்தது. ஏலம் செத்தது. கறுவாவில் ஒரு மெல்லிய இனிப்பு மட்டும். இதையா மூன்று மாதம் குடித்தீர்கள்? அடுத்த நாள் நாலு கோப்பை, அதற்கடுத்த நாள் நாலு கோப்பை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு சாமான் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டே குடித்தேன். அம்மா ஐயாவிடம், "பிள்ளை பெத்தவளுக்குத் தலைக்கு ஏறியிட்டுது. பரியாரியைக் கூப்பிட்டு மருந்து குடுங்கோ" என்றார்.

கடைசியில் ஒன்று பிடிபட்டது. சுக்கு தொண்டையில் சுடும். மிளகு நாக்கு நுனியில் குத்தும். புளிக்கிற தேசிக்காயின் காய்ந்த தோல் ஓரத்தில் கசக்கும். பனங்கற்கண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். நாலையும் தேயிலையோடு கலந்து அனுப்புகிறேன். நாலு நிமிடம் ஊற விடுங்கள். இந்த முறை மறைவாக ஒன்றும் போடவில்லை.

துரையைக் கண்டதும் எழுதுங்கள்.

உங்கள்,
மலர்


ஹார்ட்வெளி தோட்டம்,
17.11.1957

அன்புள்ள மலருக்கு,

இரண்டு சரோஜினிகளின் சுகத்தையும் விசாரிக்கிறேன். நீர் அனுப்பிய படத்தில் யார் அம்மா, யார் மகள் என்று தெரியாதபடி இருவருக்கும் ஒரே முறைப்பு.

முதலில் உமது தேயிலை. சுட்டது, குத்தியது, கசந்தது, இனித்தது. நீர் எழுதிய ஒழுங்கிலேயே வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு கோப்பையில் ஏதோ நடந்தது. பேணி முடியும்வரை பயந்து பயந்து குடித்தேன்.

துரையிடம் போக எனக்கு மூன்று கிழமை பிடித்தது. இரண்டு தரம் வாசல்வரை போய்த் திரும்பினேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டேன். அவர் பேனையை வைத்தார். "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். ஆனி மாதம் என்றேன். "அப்படியானால் கொழும்பில் புகழ்ந்த அந்தத் தேயிலையைச் செய்தது யார்?" என்றார். "வேலாயி. சலிப்பு வேலைக்காரி" என்றேன். நான் பரிகாசம் பண்ணுகிறேன் என்று நினைத்து முகம் சிவந்துவிட்டது.

திங்கட்கிழமை அவரே தொழிற்சாலைக்கு வந்தார். மூன்று தட்டில் கொழுந்து எடுத்து வைக்கச் சொன்னார். வேலாயியைக் கூப்பிட்டார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு அடி தள்ளி நின்றாள். "எது சரி? சொல்லு" என்றார். அவள் குனியக்கூட இல்லை.

"தொரைங்களே, இது இன்னும் பச்ச. அந்தா அது செத்துப் போச்சு. நடுவுல இருக்கிறதுதாங்க. இப்பவே அடுப்புக்குப் போவணும். பேசிக்கிட்டு நின்னா இதுவும் போயிரும்."

துரை தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம்.

அவர் கோபப்பட்டது நான் நோயாளி என்பதற்கு அல்ல, நாலு மாதம் சொல்லாததற்கு. அது நியாயம். இனி நான் டீமேக்கர் இல்லை. உதவி டீமேக்கர் பொறுப்பெடுத்திருக்கிறார். எனக்குத் தோட்டக் கந்தோரில் இரண்டாவது கிளாக்கர் வேலை. வீடும் மாறிவிட்டது. கீழே, வாய்க்கால் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. குசினி ஒழுகுகிறது. நீர் வருமுன் தகரம் மாற்றிவிடுவேன்.

வேலாயியைப் புளிக்கிற அறைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் பேரேட்டில் இன்னும் சலிப்புக்காரிதான். பெண்ணுக்கு அப்படி ஒரு பதவி வழக்கமில்லையாம். மறுபடி கேட்பேன் என்று துரையிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்கய்யா, மூக்கு இருக்கிறவங்க மோந்து சொல்றது ஒரு பெரிய காரியமா? பாப்பாவ எப்பக் கூட்டியாரப் போறீங்க?" என்றாள்.

அவள் கேட்டதற்குப் பதில்: டிசம்பர் இருபத்திரண்டாம் திகதியிலிருந்து பத்து நாள் லீவு. நானே வருகிறேன்.

அம்பலவாணர்


நவாலி,
19.1.1958

என் அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஐயாவின் வெற்றிலைக் கொடிதான் வெள்ளத்தில் போய்விட்டது. நீங்கள் அங்கே சுகமாக இருப்பதை உங்கள் தந்தியில் கண்டுதான் நித்திரை வந்தது. நத்தார் பண்டிகைக்கு முன் நாங்கள் ரயிலடிக்குப் போய் நின்றோம். பாலங்கள் உடைந்துவிட்டன, ரயில் வராது என்றார்கள். அடுத்த நாளும் போய் நின்றோம். ஒரு மாதம் கடிதம் இல்லை, பத்திரிகையில் ஊர் ஊராகத் தண்ணீர். அந்த ஒரு மாதத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் மறுபடி லீவு கேட்க வேண்டாம். நாங்கள் வருகிறோம்.

பாதை திறந்துவிட்டது. வியாழக்கிழமை இரவு ரயிலில் ஏறுகிறோம். ஐயா கொழும்புவரை வருவார். அங்கிருந்து நானும் இவளும் தனியே வருவோம். அம்மா சம்மதிக்க மூன்று நாள் எடுத்தது. "ஒழுகிற வீட்டுக்கோ பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோறாய்?" என்றார். தகரம் மாற்றியாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். மாற்றாவிட்டால் இன்றே மாற்றுங்கள்.

வெள்ளிக்கிழமை பதுளை ஸ்டேசனில் நில்லுங்கள். இவளுக்கு இப்போது முகம் பார்க்கிற வயது. புது ஆளைக் கண்டால் உடனே அழமாட்டாள். முதலில் நெடுநேரம் பார்ப்பாள். அழுவதா சிரிப்பதா என்று தீர்மானிக்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். அந்த நேரம் நீங்களும் அசையாமல் நின்று அவளைப் பாருங்கள், அது போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மீசை வைத்த ஆட்களைக் கண்டால் வீரிட்டு அழுகிறாள். பக்கத்து வீட்டு வாத்தியார் படலையைத் திறந்தால் போதும். ஐயா சொன்னார், "மருமகனுக்கு எழுது பிள்ளை, மீசையை வழிச்சுப்போட்டு ஸ்டேசனுக்கு வரட்டும்."

வழிக்க வேண்டாம் அத்தான். முதல் நாள் அழட்டும். இரண்டாம் நாளும் அழட்டும். நாங்கள் அங்கே இருக்கத்தானே வருகிறோம்.

உங்கள்,
மலர்